கரடி டி-ஷர்ட்டுக்குப் பின்னால் மூன்று ரவுண்டு

இன்று காலை குளக்கரை டிராக்கில் ஒரு டி-ஷர்ட்டை மூன்று ரவுண்டு துரத்தினேன்.

(போட்டிருந்தவரின் முகத்தை நான் சரியாகப் பார்க்கவே இல்லை. வினையே அங்கேதான் ஆரம்பம்.)

திருப்பூர் நல்லூரில் இருக்கும் என் வீட்டிலிருந்து பத்து நிமிடத்தில் இருக்கிறது அந்த டிராக். குளத்தைச் சுற்றி நடக்க ஒரு பாதை, ஒட்டினாற்போல் சைக்கிளுக்குப் பச்சை பெயிண்ட் அடித்த இன்னொரு பாதை. ஞாயிற்றுக்கிழமை காலையில் பாதித் திருப்பூர் இங்கேதான்.

டாக்டர் மிரட்டியதால் கியர் சைக்கிள் வாங்கி, இன்றுதான் முதன்முதலாகப் போனேன்.

வெளியூர்க்காரர்கள் பார்த்தால் அசந்துபோவார்கள். நடப்பவர், ஓடுபவர் எல்லார் மேலும் வெளிநாட்டு பிராண்ட். கழுத்துக்குள் பார்த்தால் லேபிள் பாதி வெட்டியிருக்கும். (எல்லாம் ஏற்றுமதியில் மிஞ்சியதை விற்கும் சர்ப்ளஸ் கடை உபயம்.)

இந்த ஊரில் எதிரே வருபவரின் முகத்துக்கு முன் துணியைத்தான் பார்ப்போம். நான் பனியன் கம்பெனியில் ஆர்டர்களைக் கவனிக்கும் மெர்ச்சண்டைசர். எனக்கு அந்த வியாதி கொஞ்சம் முற்றிய நிலை.

முதல் ரவுண்டு தொடங்கியதுமே பார்த்தேன். முன்னால் விறுவிறுவென்று நடந்துபோகிறவரின் முதுகில் ஒரு கரடி சைக்கிள் ஓட்டிக்கொண்டிருந்தது.

பிரேக்கைப் பிடித்தேன்.

அது எங்கள் கரடி. அந்த ஆர்டர் இன்னும் பேக்கிங்குக்கே போகவில்லை. விற்பனைக்கு வருவதற்கு முன் டிசைன் வெளியே தெரிந்தால் ஆர்டர் கேன்சல் என்று வெளிநாட்டு பையர் எழுதி வாங்கியிருக்கிறார். ஒரு பீஸ்கூட கேட்டைத் தாண்டக் கூடாது.

இரண்டாவது ரவுண்டு, அவருக்குப் பின்னாலேயே மெதுவாக மிதித்தேன். யார் எடுத்திருப்பார்கள்?

உடனே ஒரு முகம் வந்து நின்றது. எங்கள் செக்கிங் செக்‌ஷனில் ஓர் அக்கா. தைத்த பீஸ்களைச் சரிபார்க்கிறவர், தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து வந்தவர். பெயர் இங்கே வேண்டாம்.

போன வாரம் அந்தக் கரடியைத் தடவிக்கொண்டே கேட்டார், "இதுல டேமேஜ் பீஸ் விழுந்தா ஒண்ணு தருவீகளா சார்? எம் மவனுக்குக் கரடின்னா உசிரு."

"அதெல்லாம் முடியாதுங்கக்கா" என்றேன். சிரித்துக்கொண்டே போய்விட்டார்.

அன்றைக்குச் சாதாரணமாக இருந்த அந்தச் சிரிப்பு இன்று காலை திருட்டுச் சிரிப்பாகத் தெரிந்தது. அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்பது சும்மா இல்லை.

சைக்கிளை ஓரங்கட்டி, செக்கிங் வாட்ஸ்அப் குரூப்பில் டைப் செய்தேன். கரடி பீஸ் ஒன்று வெளியே போயிருக்கிறது, நான் விசாரிக்கும்வரை இந்த அக்காவை நாளை உள்ளே விட வேண்டாம். பெயரோடு போட்டேன். அவரும் அந்தக் குரூப்பில்தான் இருக்கிறார் என்பது எனக்கு நினைவே இல்லை.

மூன்றாவது ரவுண்டில் கரடி சட்டென்று நின்று திரும்பியது.

"ஏனுங்க, நானும் பாத்துட்டேதான் வர்றனுங்க. நான் நின்னா நிக்கறீங்க, நடந்தா வர்றீங்க. என்ன விசயமுங்க?"

ஐம்பது வயதிருக்கும். போனை இறுக்கிப் பிடித்திருந்தார். (என்னைப் பிக்பாக்கெட் என்று நினைத்திருக்கிறார். நியாயம்தான்.)

"இந்த டி-ஷர்ட் எங்கீங்க வாங்குனீங்க?"

"வாங்குலீங்க. நான் தண்ணி கேன் போடறனுங்க. கேன் போடற ஊட்டுல ஒரு அம்மிணி குடுத்தாங்க. பள்ளிக்கூடத்துக்குப் பின்னால, ரெண்டாவது மாடி, முருங்கை மரத்த ஒட்டுன ஊடு. ஊட்டுக்காரரு ஏதோ கம்பெனியில பெரிய வேலையாம். அவரப் பாத்ததே இல்லீங்க."

முருங்கை மரம். இரண்டாவது மாடி. என் வீடு.

வாரம் இரண்டு முறை எங்கள் வீட்டுப் படியேறி வருகிறவர். நான் குடிக்கிற தண்ணீர் அவர் தோளில்தான் வருகிறது.

"கீழ் மடிப்பைக் கொஞ்சம் திருப்பிக் காட்டறீங்களா?"

காட்டினார். உள்பக்கம் பேனாவில் '3 வாஷ்' என்று இருந்தது. என் கையெழுத்து.

துவைத்தால் எவ்வளவு சுருங்குகிறது என்று பார்க்க, சாம்பிள் பீஸ் ஒன்றை வீட்டுக்கே கொண்டுவந்து துவைத்துப் பார்ப்பது என் வழக்கம். மூன்று தடவை துவைத்து மொட்டை மாடிக் கொடியில் காயப் போட்டவன், அளவெடுக்க மறந்து அடுத்த ஸ்டைலுக்குத் தாவிவிட்டேன்.

மனைவிக்குப் போன் போட்டேன். "ஒரு மாசமா வெயில்லயே கெடந்துச்சுங்க. வேண்டாத சட்டையாட்ட இருக்குதுன்னு தண்ணிக்காரருக்குக் குடுத்துட்டேன்" என்றாள்.

கேன்காரர் பாவமாகக் கேட்டார், "இப்பவே கழட்டிக் குடுக்கோணுமுங்களா?"

"நாளைக்குக் கேன் போடறப்பக் கொண்டாங்க. வேற ரெண்டு நல்லதா தர்றேன்."

அவசரமாகக் குரூப்பைத் திறந்தேன். அழிக்கலாம் என்று பார்த்தால், மெசேஜைப் பார்த்தவர்கள் பட்டியலில் முதல் பெயரே அக்காவுடையது.

அவருக்குப் போன் செய்தேன்.

"பாத்தேன் சார். அப்பத்துலருந்து வீட்டத்தான் பொரட்டிக்கிட்டு இருக்கேன். தொடைக்கதுக்கு வேஸ்ட் துணி எடுத்துட்டு வருவோம்லா, அதோட தெரியாம ஒரு பீஸ் சேந்து வந்துட்டோன்னு மூட்டையக் கொட்டிப் பாத்தேன். பையன் துணியையும் உதறிப் பாத்துட்டேன். இல்ல சார்."

 தவறு என்னுடையது என்று முழுவதையும் சொன்னேன். மன்னிப்பும் கேட்டேன்.

அக்கா நேராக விஷயத்துக்கு வந்தார்.

"எங்கிட்டச் சொன்னது சரி சார். குரூப்ல போட்டதைக் குரூப்லயே சொல்லிருங்க. சாயந்தரம் கோயிலுக்குப் போணும். நம்ம குரூப்புல உள்ளவங்க பாதிப் பேரு அங்கதான் இருப்பாங்க."

குளத்தங்கரை பெஞ்சிலேயே உட்கார்ந்து டைப் செய்து போட்டேன், இந்த முறை என் பெயரோடு.

என்மேல் எனக்கே கோபமாக இருக்கிறது. ஒரு குற்றமும் செய்யாதவர் தன் வீட்டை மூலை முடுக்கெல்லாம் தேடியிருக்கிறார். நான் என் வீட்டு மொட்டை மாடியை நினைத்துக்கூடப் பார்க்கவில்லை.

அக்கா பார்த்துவிட்டார். பதில் போடவில்லை.

நாளை காலை ஷிப்ட் தொடங்குவதற்கு முன், செக்கிங் டேபிளில் எல்லார் முன்னாலும் போய் நிற்கப்போகிறேன். அவர் இடத்தில் நீங்கள் இருந்தால், நான் முதலில் என்ன சொல்ல வேண்டும் என்று எதிர்பார்ப்பீர்கள்?