வெள்ளக்கல்

நாக்கின் நுனியை வைத்தால் அந்தக் கல் உப்புக் கரிக்கும் என்று நானும் பக்கத்து வீட்டு ரிஸானாவும் சத்தியம் பண்ணுவோம். கைக்குள் அடங்கும் சுண்ணாம்புக்கல். நடுவில் ஒரு சிப்பி, வரிகள் கூட அழியாமல், கல்லாகவே மாறிக் கிடந்தது. போர் நிறுத்தச் சமாதான காலத்தில், மூடிக்கிடந்த பாதை திறந்தபோது யாழ்ப்பாணம் போன அப்பா, கிணறு வெட்டிக் குவித்திருந்த கற்களுக்குள் அதைக் கண்டு, உடுத்தும் சாரத்தில் சுற்றிக் கல்முனைக்குக் கொண்டுவந்தார். எங்கள் வீட்டில் அதற்குப் பெயர் "வெள்ளக்கல்".

அப்பா பாடசாலையில் கணக்கு மாஸ்டர், சபையில் ஞாயிறு பள்ளி ஆசிரியர். "நிலத்துக்கடியில சிப்பி எப்பிடி வந்த? நோவாட காலத்து வெள்ளம் கொண்டுவந்து புதைச்சது" என்று கல்லை உயர்த்திக் காட்டுவார். கோடி வருடக் கணக்குச் சொல்லும் பாடப்புத்தகத்தை, "அந்த நேரம் ஆர் நிண்டு பாத்த?" என்ற ஒரே கேள்வியோடு மூடிவைப்பார். ரிஸானாவின் உம்மாவுக்கும் அந்தக் கல்லில் பிரியம். அவர்களுக்கு அது நூஹ் நபியின் வெள்ளம். "வெள்ளம் ஏன் வந்தது?" என்று அப்பா கேட்டு முடிக்குமுன், "மனுசர்ர அக்கிரமம் கூடினதால" என்று கத்துவது எப்போதும் நான்தான். அதற்குப் பரிசும் வாங்கியிருக்கிறேன். அந்தப் பெருமையை நினைத்தால் இன்றும் உடம்பு கூசுகிறது.

2004இல், இயேசு பிறந்த நத்தாருக்கு மறுநாள், ஞாயிறு காலை, நாங்கள் ஆராதனையில் இருந்தபோது கடல் ஊருக்குள் வந்தது. பிரதான வீதிக்கு மேற்கே இருந்ததால் எங்கள் இரண்டு வீடுகளும் தப்பின. கடற்கரையோரம் மாமி வீட்டுக்குப் போயிருந்த ரிஸானாவின் தம்பி, மூன்று வயது அஸ்மி, தப்பவில்லை.

சில வாரம் கழித்து, வேலியடியில் நின்ற ரிஸானா என்னிடம் கேட்டாள்: "ஏன் வந்த இந்த வெள்ளம்?" அப்பா கேட்கும் அதே கேள்வி. பத்து வயதுக் கெட்டிக்காரியான நான் யோசிக்கவே இல்லை. பரிசு வாங்கிய பதிலை அப்படியே சொன்னேன். ரிஸானா என்னை ஒருமுறை பார்த்துவிட்டு உள்ளே போனாள்.

அன்று பின்னேரம் அவளுடைய உம்மா எங்கள் வாசலில் வந்து நின்றார். அம்மா கதிரையை இழுத்துப் போட்டும் உட்காரவில்லை.

"மாஸ்டர், உங்கட மகள் சொன்னது மெய்யா? என்ட புள்ள என்ன அக்கிரமம் செஞ்சான்?"

அப்பா என்னைப் பார்த்தார். அடித்திருந்தால் நன்றாயிருந்திருக்கும். மேசையிலிருந்த கல்லை எடுத்தார், வைத்தார், மறுபடி எடுத்தார். தன் வேதத்தை விடவும் முடியாமல், அந்தத் தாயின் முகத்தைப் பார்க்கவும் முடியாமல் அவர் தவிப்பதைக் கதவுச்சீலையைப் பிடித்துக்கொண்டு நான் பார்த்தேன்.

"இல்ல தங்கச்சி" என்றார் கடைசியில். "அந்த வெள்ளம் வடிஞ்ச பிறகு, இனி இப்பிடி அழிக்க மாட்டன் எண்டு ஆண்டவர் வானத்தில வில்ல வெச்சு வாக்குக் குடுத்தவர். இது அந்த வெள்ளம் இல்ல. ஏன் வந்த எண்டு எனக்குத் தெரியா. பிழை என்னில. கல்லக் காட்டி, பாதிப் பாடத்தோட நிப்பாட்டிப் போட்டன்."

உம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்தார். "எங்கட மார்க்கத்தில பச்சப் புள்ளைக்குப் பாவம் எழுதுற இல்ல, மாஸ்டர். அது எனக்குத் தெரியும். உங்கட வாயால ஒருக்காக் கேக்கத்தான் வந்த."

ரிஸானா வீட்டார் அடுத்த வருடமே வீட்டை விற்றுவிட்டுச் சம்மாந்துறைப் பக்கம் போய்விட்டார்கள். யுத்தம் முடிந்த வருடம், வன்னியில் செத்தவர்களைப் பற்றிச் சபையில் ஒருவர் "அக்கிரமம் கூடினதால" என்று தொடங்கியபோது, அப்பா வேதாகமத்தை மூடிக்கொண்டு எழுந்து வெளியே போனார். பின்னாலேயே நானும் போனேன்.

இப்போது அப்பா இல்லை. எங்களுக்கிடையே இருந்த வேலியும் இல்லை. அந்த இடத்தில் மதில் எழும்பிவிட்டது. கல் என்னிடம் இருக்கிறது. அது நோவாவின் வெள்ளத்துக்குச் சாட்சி என்று இன்றும் நம்புகிறேன். ஞாயிறு பள்ளியில் அதைப் பிள்ளைகளின் கையில் கொடுக்குமுன், பலகையில் வானவில்லை வரைந்துவிடுகிறேன். ஊரில் எத்தனையோ பிள்ளைகளுக்கு முழுப்பாடமும் சொல்லிவிட்டேன். அரைமணி நேர பஸ் தூரத்தில் இருக்கும் ரிஸானாவிடம் போய் அந்த மற்றப் பாதியைச் சொல்ல மட்டும் எனக்கு இன்னும் தைரியம் வரவில்லை.