உரி என்ற சொல்

சூளகிரியைத் தாண்டி ஓசூர் ரோட்டில் நடந்துகொண்டிருந்தேன். கையில் இன்னும் ஆஸ்பத்திரி லைசால் வாடை போகவில்லை.

கிருஷ்ணகிரிப் பக்கம் ஓர் ஆஸ்பத்திரியில் நான் வார்டு ஆள். எட்டாவதோடு நின்றவன் என்றாலும், ஊர் ஊராகச் சுற்றியதில் கன்னடமும் தெலுங்கும் வரும். வார்டு வேலைக்குத் தயாராகும் நர்ஸ் மாணவிகளுக்கு, கன்னட, தெலுங்கு நோயாளிகளின் பேச்சைச் சொல்லித்தரும்படி சிஸ்டர் சொன்னார். அடுத்த வருஷம் என்னைப் புண்ணுக்குக் கட்டுப்போடும் டிரஸ்ஸர் பயிற்சியில் சேர்ப்பதாகவும் வாக்குக் கொடுத்தார்.

திருநெல்வேலியிலிருந்து வந்த ரோஸ்லின்தான் விடாமல் கேட்டு, எல்லாவற்றையும் நோட்டில் எழுதிக்கொண்டாள்.

அவள் தனியாக வார்டு பார்த்த முதல் நாள், கால் வெந்துபோன கன்னடக்காரர் ஒருவர், "உரி, உரி" என்று அழுதார். கன்னடத்தில் அது எரிச்சல். ரோஸ்லின் அதைத் தமிழ்ச் சொல்லாக எடுத்துக்கொண்டு, காலில் சுற்றியிருந்த துணிக்கட்டை உரித்தாள். தோலும் கூடவே வந்தது.

அலறல் கேட்டு நான் ஓட, பின்னாலேயே சிஸ்டர் ஓடிவந்தார். "யாரு உரிக்கச் சொன்னது?"

"அண்ணன்தான். உரின்னா கட்டைப் பிரிக்கணும்னு சொல்லித்தந்தாங்க" என்றாள் ரோஸ்லின், என் முகத்தைப் பார்க்காமல்.

"அந்தச் சொல்லை நான் சொல்லியே தரலீங்க, சிஸ்டர்."

"மூணு பாஷை தெரியும்னு பீத்திக்கிட்டது போதும். கெளம்புப்பா."

சொல்லித்தராமல் விட்டது என் தவறுதான். அதை ஒப்புக்கொள்கிறேன். அண்ணன் என்று சொல்லியே அவள் என்னை மாட்டிவிட்டதுதான் இன்றுவரை ஆறவில்லை.

மறுநாள் காலை, ஓசூரை அடுத்த மத்திகிரி மாட்டுப் பண்ணையில் சாணி அள்ளும் வேலை கிடைத்தது. "என்னென்ன பாஷை வரும்?" என்று மேஸ்திரி கேட்டார்.

"தமிழ் மட்டும்தாங்க" என்றேன்.