காற்று இறங்கிய டிரெய்லர்

சரக்கு லாரிக்கான ஜிடிஎல் உரிமம் எடுத்த புதிது. பாசிர் கூடாங் துறைமுகத்துக்கு கன்டெய்னர் ஏற்றிப் போகும் டிரெய்லரை ஓட்டிக்கொண்டிருந்தேன். அது தொழிற்சாலைகளில் ஷிப்ட் மாறும் பிற்பகல் நேரம். சாலை நிறைய மோட்டார் சைக்கிள்கள்.

மேம்பாலத்தை விட்டு இறங்கும்போது எச்சரிக்கை மணி கத்தத் தொடங்கியது. பிரேக்கின் காற்றழுத்தத்தைக் காட்டும் முள் சரிந்துகொண்டே வந்தது. கீழே சிவப்பு விளக்கில் ஆட்கள் நிறைந்த தொழிற்சாலை பஸ் ஒன்று நின்றிருந்தது.

பிரேக்கைத் திரும்பத் திரும்ப மிதிக்கத்தான் கால் துடித்தது. அதைச் செய்யவே கூடாது, மிச்சக் காற்றும் போய்விடும் என்று உரிமத்துக்கான கட்டாய வகுப்பில் சொல்லியிருந்தார்கள். ஒரே மிதியாக அழுத்திப் பிடித்துக்கொண்டு கியரைக் குறைத்தேன். இன்ஜின் உறுமியது. வேகம் குறைந்தது, ஆனால் போதவில்லை.

ஒதுங்குவதற்கு இடதுபக்கப் புல்தரை மட்டுமே இருந்தது. நடுவே மோட்டார் சைக்கிள்கள். ஹாரனை விடாமல் அடித்தேன். பலர் பின்தங்கினார்கள். சீருடை அணிந்த ஒரு பெண் மட்டும் என் பக்கவாட்டிலேயே வந்துகொண்டிருந்தாள். பஸ்ஸின் பின்கண்ணாடியில் தலைகள் தெரிய ஆரம்பித்தன.

"போம்மா, போ!" என்று கத்தினேன்.

அவள் முந்திப் போனதும் ஸ்டியரிங்கை ஒடித்தேன். லாரி புல்லில் ஏறிக் குலுங்கியது. காற்று முழுதாக இறங்கினால் சக்கரங்களைப் பூட்டும் ஸ்பிரிங் பிரேக் தானாக இறுகி, லாரி பஸ்ஸுக்குப் பக்கத்தில் வந்து நின்றது.

கதவைத் திறந்து கீழே இறங்கினேன். அந்தப் பெண் வண்டியைத் திருப்பிக்கொண்டு வந்தாள்.

"லைசென்ஸ் எடுத்தீங்களாண்ணே, இல்ல காசு கொடுத்து வாங்கினீங்களா?"

"பிரேக்ல காத்து போயிருச்சும்மா."

"அலமாக்!" என்று பதறியவள் பஸ்ஸைப் பார்த்தாள்.

முதலாளிக்கு போன் போட்டேன்.

"போர்ட் கேட் பக்கம்தானே, மெதுவா கொண்டாந்துரு லா. கப்பல் போயிரும்."

"மாட்டேன் பாஸ். மெக்கானிக்க அனுப்புங்க."

"அப்போ நாளையிலருந்து வராத."

போனைப் பையில் போட்டுவிட்டு முக்கோண எச்சரிக்கைப் பலகையை எடுத்தேன். அந்தப் பெண் அதை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டு சாலையோரமாக மேலே நடந்தாள். அதை வைத்துவிட்டு, தன் மழைக்கோட்டை வீசி வீசி, வந்த வண்டிகளை விலக்கினாள். கம்பெனி மெக்கானிக் வேனில் வந்த பிறகுதான் வேலைக்குக் கிளம்பினாள். காற்றுக் குழாய் நீளமாகக் கிழிந்திருந்தது.

மறுநாள் காலை வேலை இருக்கிறதா இல்லையா என்று தெரியாமலே போனேன். முதலாளி முகம் பார்க்காமல் சாவியை நீட்டினார்.

"குழாய் மாத்தியாச்சு."

"மத்த லாரியெல்லாம் பாத்தாச்சா பாஸ்?"

அவர் சாவியை இன்னும் கிட்ட நீட்டினார். சாவியை வாங்காமல் வெளியே பெஞ்சில் போய் உட்கார்ந்தேன். வீட்டில் என்ன சொல்வது என்று யோசித்துக்கொண்டிருந்தபோது இன்னொரு ஓட்டுநரும் சாவியை வாங்காமல் வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார். பிறகு மேலும் இரண்டு பேர்.

கொஞ்ச நேரத்தில் மெக்கானிக் முதல் லாரிக்கு அடியில் நுழைந்தார். மதியத்துக்குள் வெடிப்பு விட்ட குழாய் இன்னொரு லாரியிலும் கிடைத்தது.