பைத்தான் யாருக்கு வேண்டும்?

போன வாரம் கல்வராயன் மலைக்குப் போய் ஒரு மொழியை அணைத்துவிட்டு வந்தேன். பயப்பட வேண்டாம்... தமிழை அல்ல. பைத்தான் என்ற கம்ப்யூட்டர் மொழியை.

வெள்ளிமலைப் பக்கம் ஒரு விவசாயிகள் சங்கம். உறுப்பினர்களுக்குச் சாமை விதை கொடுப்பார்கள். யார் நிலம் எந்தச் சரிவில், மண் எப்படி — எல்லா விவரமும் ஒரு பழைய கம்ப்யூட்டரில். அதன் டிஸ்க் போய்விட்டது. பேக்கப் இருந்தது, டேட்டாபேஸ் மென்பொருளைத் திரும்பப் போட ஆள் இல்லை. கள்ளக்குறிச்சியில் கம்ப்யூட்டர் தெரிந்தவன் என்று எனக்கு ஒரு தப்பான பெயர் உண்டு.

அந்த வயசான மெஷினுக்கு ரெடிமேடாக எதுவும் இப்போது வருவதில்லை. சோர்ஸ் கோடை பென் டிரைவில் கொண்டுபோய் அங்கேயே பில்ட் செய்ய வேண்டும். ஹோட்டல் சாப்பாடு கிடையாது, மளிகை மட்டும் கிடைக்கும் — சமையல் நம்முடையது.

ஆரம்பித்ததுமே நின்றது. டேட்டாபேஸுக்குள் பைத்தானில் எழுத வசதி வேண்டுமென்றால் லைப்ரரி என்ற ஒரு துணை மென்பொருள் வேண்டுமாம். என்னிடம் இல்லை. மலையில் நெட்டும் இல்லை. ஆனால் அந்த வசதி கட்டாயமில்லை. கட்டளையில் ஒரு வார்த்தை சேர்த்தால் அணைந்துவிடும்.

நான் பொறுப்பானவன் அல்லவா? விசாரித்தேன்.

"இங்க யாராவது பைத்தான்ல எழுதறாங்களா?"

"இன்னாங்க அது? நோட்டுல எழுதவே ஆள் இல்லீங்க" என்றார் செயலாளர் சடையன். அறையில் இருந்த மற்ற மூன்று பேரும் தலையாட்டினார்கள்.

அணைத்தேன். பில்ட் ஜோராக ஓடியது. வேண்டாததை விடுவதில்தான் எத்தனை ஞானம் என்று மனசுக்குள் பத்திரிகைக்கு ஒரு பத்தியே தயாராகிவிட்டது. பேக்கப்பை ஏற்றும்போது நடுவே இரண்டு வரி ஏதோ குறை சொல்லிக்கொண்டு ஓடின. நான் கண்டுகொள்ளவில்லை.

மறுநாள் காலை விதைக்கு முப்பது பேர். சிலர் மூன்று மணி நேரம் நடந்து வந்தவர்கள். மழை பெய்து மூன்று நாள். ஈரம் காய்வதற்குள் விதைத்தாக வேண்டும். சடையன் பட்டனை அழுத்தினார். யாருக்கு எந்த விதை என்று அச்சாகி வரும் சீட்டு வரவில்லை.

எந்த நிலத்துக்குச் சீக்கிரம் விளையும் சாமை, எதற்கு நாள் பிடிக்கும் சாமை என்று முடிவு செய்வதே பைத்தானில் எழுதிய நாற்பது வரிதானாம். மாற்றிக் கொடுத்தால் மேட்டு நிலத்துக்காரருக்கு இந்த வருஷம் போச்சு.

எழுதியவர் செல்வி. பின்னால் குடோனில் விதை புடைப்பவர். தலையெல்லாம் தூசியோடு வந்தார்.

"யாருண்ணா அதைத் தூக்குனது?"

"எல்லாரையும் கேட்டுட்டுத்தாம்மா..."

"நான் அந்தாண்ட புடைச்சிக்கினு இருந்தேன். என்னைக் கேட்டீங்களா?"

"மெஷினே யோசிச்சுப் போடுதுன்னு இல்ல நெனைச்சேன்" என்றார் சடையன்.

"அப்ப நான் யாரு?"

யாருக்காவது வேண்டுமா என்று நாம் கேட்பதெல்லாம் அறைக்குள் இருப்பவர்களைத்தான். வேண்டியவர் எங்கே அறையில் இருக்கிறார்? வேலையில் இருக்கிறார். பஸ் ரூட்டை நிறுத்தும் மீட்டிங்குக்கு யாரும் அந்த பஸ்ஸில் வருவதில்லை.

நல்லவேளை, அந்த நாற்பது வரியும் செல்விக்கு மனப்பாடம். ஸ்கிரீனில் நில விவரத்தைப் பார்த்து அவர் சொல்லச் சொல்ல நான் சீட்டு எழுதினேன். ஆறாவது சீட்டை வாங்கிப் பார்த்தார்.

"இது எழுத்தாண்ணா?"

"பத்தி எழுதற கைம்மா."

"சீட்டு நான் எழுதிக்கறேன். நீங்க மூட்டை தூக்குங்க."

மதியத்துக்குள் முப்பது பேரும் விதையோடு கிளம்பிவிட்டார்கள். எனக்குத்தான் இன்னும் இடுப்பு நிமிரவில்லை.