முதலில் யார் தொடுவது

நூரம்பெர்க் பக்கத்து எங்கள் சிற்றூரில் தலை வெட்டுவதும் தூக்கில் போடுவதும் லீன்ஹார்டின் உத்தியோகம். வாளும் வீடும் கொடுத்தது நகரசபை. அவன் கை பட்டவருக்கு மானம் போய்விடும் என்று விதி வைத்திருந்ததும் அதே சபைதான். ஆனால் எலும்பு முறிந்தால் ஊரே அவன் கொல்லைக் கதவைத் தட்டும். பீப்பாய் செய்கிற என் தோளையும் அவன்தான் பொருத்தினான். யாரும் பார்க்காமல் பட்டால் தீட்டு இல்லை போலும்.

1683 இலையுதிர் காலத்தில் அவன் மனைவி பொலோனியாவுக்குப் பிரசவ வலி கண்டது. குழந்தை குறுக்கே கிடந்தது. மருத்துவச்சி குனிகுண்டா வாசலோடு நின்றுவிட்டாள்.

"நான் உள்ள வந்தா நாளைக்கு எந்த வீட்டுல என்னைக் கூப்பிடுவாங்க? எனக்கும் வயிறு இருக்குல்ல?"

லீன்ஹார்ட், அவளோடு வாசலில் நின்ற என் பக்கம் திரும்பினான். "யோவ் ஓஸ்வால்ட், போன வருஷம் தூக்குமரம் சாஞ்சப்போ எப்படி நிமிர்த்துனீங்க?"

அது ஊரறிந்த கதை. அந்த மரத்தைத் தனியாகத் தொட்டவன் மானம் கெட்டுவிடும் என்று மேயரே சுத்தியலால் முதல் அடி அடித்தார். பிறகு தச்சர்கள் அத்தனை பேரும் ஆளுக்கொரு அடி. எல்லோரும் தொட்டுவிட்டால் யாரும் யாரையும் குற்றம் சொல்ல முடியாதே.

"அதே மாதிரி பொம்பளைங்க எல்லாரும் சேர்ந்து வரட்டும்யா. மேயர் வீட்டம்மா முதல்ல தொடட்டும். ஓடு!"

ஓடினேன். மேயர் மனைவி உர்சுலா கண்ணீரே விட்டாள். "ஐயோ பாவம், கண்டிப்பா போகணும். எதுக்கும் சபையில ஒரு வார்த்தை கேட்டுக்கலாம்."

சபை கூடியது. கருணையோடுதான் கூடியது, ஒருவர்கூட மறுக்கவில்லை. உர்சுலாவுக்கு அடுத்தபடியாக ரொட்டிக்கடைக்காரர் மனைவி போவதா, தையல்காரர் மனைவி போவதா என்பதில்தான் ஒன்றரை நாள் போயிற்று.

பிறகு பதினேழு பெண்கள் ஞாயிற்றுக்கிழமை உடுப்பில், முரசு முன்னே போக, வரிசையாக வந்தார்கள். அவர்களில் என் மனைவியும் ஒருத்தி. முதல் நாளே நான் அவளை அனுப்பியிருக்கலாம். அனுப்பவில்லை.

லீன்ஹார்ட் கதவைத் திறந்தான். சட்டையெல்லாம் ரத்தம்.

"பொலோனியா மத்தியானமே போயிட்டா."

அவன் மேல்துணிக்குள் குழந்தை வீறிட்டது. அவனே பிரசவம் பார்த்திருக்கிறான்.

உர்சுலா விம்மினாள். வந்ததற்குக் குழந்தையையாவது தொடலாம் என்று கை நீட்டினாள். பின்னால் பதினாறு பேரும் வரிசை கலையாமல் ஓரடி முன்னே வந்தார்கள்.

லீன்ஹார்ட் குழந்தையை இழுத்து மூடிக்கொண்டு பின்னால் நகர்ந்தான்.

"தள்ளி நில்லுங்கம்மா. என் பொண்ணு மேல உங்க கை பட்டுடப் போகுது."