கட்டி முடிக்கப்பட்ட பாலம்

பையைப் பிரித்துக் காட்டிவிட்டு, கேட்பதற்கு முன்பே தண்ணீர் பாட்டிலைத் திறந்து ஒரு மடக்கு குடித்தார் சந்தனராஜ். உள்ளே இருப்பது மண்ணெண்ணெய் இல்லை என்று தெரிய வேண்டுமே. திங்கட்கிழமைகளில் கலெக்டர் ஆபீஸுக்கு மனுவோடு வருகிற எல்லாரையும் போலீஸ் இப்படித்தான் வாசலில் நிறுத்திச் சோதிக்கும். "ஒங்களப் போயி சோதிப்பமா சார்? நீங்க உள்ள போங்க" என்று அந்தப் பெண் காவலர் சொல்வதும், "இருக்கட்டும்மா, எல்லாருக்கும் ஒரே சட்டம்தான்" என்று இவர் இன்னொரு மடக்கு குடிப்பதும் வாரம் தவறாமல் நடக்கிற கூத்து.

ஒரு காலத்தில் இவர் எம்.எல்.ஏ. ஒரே தடவை, ஐந்து வருஷம். அதற்கு முன்பு ஆவூர்ப் பக்கத்தில் பள்ளிக்கூட வாத்தியார். இப்போது எழுபத்திரண்டு வயது, டவுன் பஸ்ஸில் ஜன்னலோர சீட்டு. முன்னாள் உறுப்பினர்களுக்கான இலவச பாஸை கண்டக்டர் கேட்பதே இல்லை. இவர்தான் விடாமல் எடுத்து மூக்குக்கு நேரே நீட்டுவார். "தெரியும் சார், உள்ள வைங்க" என்று கண்டக்டர் அலுத்துக்கொண்டால், "பாத்துட்டுச் சொல்லுங்க, தேதி முடிஞ்சிருந்தா எறக்கி விட்ருங்க" என்பார். பாதி பஸ் சிரிக்கும்.

ஆபீஸ் வளாகத்தில் புங்கமரத்தடி சிமென்ட் பெஞ்சு ஒன்று அவருக்கென்றே ஆகிவிட்டது. எழுதத் தெரியாதவர்களுக்கும், தெரிந்தும் பயப்படுகிறவர்களுக்கும் அங்கே உட்கார்ந்து மனு எழுதிக் கொடுப்பார். டீ வாங்கிக் கொடுத்தால்கூடத் தொடமாட்டார். ஊற்றுப் பேனா, கரும்பலகையில் எழுதிப் பழகிய குண்டு குண்டு எழுத்து. விதவை ஓய்வூதியம், பட்டா, ரேஷன் கார்டு என்று அவர் எழுதியதில் பாதியாவது நடந்துவிடும். கைராசிக்காரர் என்று நார்த்தாமலைப் பக்கத்திலிருந்தெல்லாம் தேடி வருகிறார்கள்.

யாராவது எதிரே நின்றபடி பேச ஆரம்பித்தால் மட்டும் அவருக்குப் பிடிக்காது. "நின்னுக்கிட்டுப் பேசுறது எனக்குக் காதுல விழாது. உக்காருங்க." பதவியில் இருந்தபோதும் இதே வசனம்தான். வீட்டு வாசலில் இரண்டு நீள பெஞ்சு போட்டு வைத்திருந்தார். மிராசுதார் வந்தாலும், சாக்கடை அள்ளுகிறவர் வந்தாலும் அதே பெஞ்சு, பக்கத்துப் பக்கத்தில். அதற்காகவே சிலர் அவருக்கு ஓட்டுப் போடாமல் போனார்கள். பதினாலு ஊருக்கு பஸ் விட்ட மனிதர், ஒரு காசு கைநீட்டி வாங்காதவர் என்று அவரைத் தோற்கடித்தவர்களே இன்றைக்கும் சொல்வார்கள். அதைக் கேட்டால் அவர் முகம் சுருங்கிப்போகும். அடக்கம் என்று ஜனங்கள் நினைத்துக்கொள்கிறார்கள். அடக்கமாவது ஒன்றாவது!

ஈச்சங்கரைக்குப் போகும் வழியில் காட்டாற்றுக்குக் குறுக்கே ஒரு பாலம் கட்ட, கடைசி வருஷம் தொகுதி நிதியில் பணம் ஒதுக்கினார். அதே நேரம் சொந்த ஊர்க்காரர்கள் பிடித்துக்கொண்டார்கள். "நம்மாளு எம்.எல்.ஏ. ஆகியும் மாதா தேரு சகதியிலதான் போகணுமா?" நியாயமாகத்தான் பட்டது. புதிதாகத் திட்டம் போட்டு அனுமதி வாங்க நாளில்லை. "காயிதத்துல பாலமாவே இருக்கட்டும் சார். வேலைய மட்டும் இங்கிட்டு மாத்திக்குவோம்" என்றார் ஒரு பொறியாளர். தேர் போகும் தெருவுக்கு சிமென்ட் ரோடு வந்தது. ஈச்சங்கரையில் பாலம் கட்டி முடித்ததாகப் பொறியாளர் எழுதிய சான்றில் சந்தனராஜும் கையெழுத்துப் போட்டார். அடுத்த தடவை ஜெயித்து வந்து முதல் வேலையாக அந்தப் பாலத்தைக் கட்டிவிடலாம் என்று சத்தியமாக நம்பினார். தோற்றுப்போனார்.

நாலு வருஷத்துக்கு முன்னால் ஐப்பசி மழையில், ஈச்சங்கரையில் பிரசவ வலியோடு இருந்த பொற்கொடி என்ற பெண்ணைக் கட்டிலில் வைத்துத் தூக்கி வந்தார்கள். ஆற்றில் மார்பளவு வெள்ளம். அக்கரையில் ஆம்புலன்ஸ் விளக்கைப் போட்டுக்கொண்டு நின்றது. தண்ணீர் வடியும் முன்பே தாயும் பிள்ளையும் போய்விட்டார்கள். மாலையோடு துக்க வீட்டுக்குப் போன சந்தனராஜின் கையைப் பிடித்துக்கொண்டு பொற்கொடியின் அக்கா செவந்தி கதறினாள். "நீங்க பதவியில இருந்திருந்தா பாலம் வந்திருக்குமே சார்!"

அதற்குப் பிறகுதான் இந்தத் திங்கட்கிழமைகள். மற்றவர்கள் மனுவை எழுதி முடித்துவிட்டு, முந்தைய மனுவுக்குப் பதில் வந்திருந்தால் தன் அடுத்த மனுவையும் கொடுப்பார். பாலம் கட்டப்படவில்லை, பொய்க் கையெழுத்து என்னுடையது, என்மேல் நடவடிக்கை எடுத்துவிட்டுப் பாலத்தைக் கட்டுங்கள். இதுவரை பன்னிரண்டு மனு. பன்னிரண்டுக்கும் ஒரே பதில்: 'பணி ஏற்கெனவே முடிக்கப்பட்டுவிட்டதால் மனு ஏற்கப்படவில்லை.' எந்த அலுவலகம் என்பது வேண்டாம், அங்கே ஒருவர் சிரித்துக்கொண்டே சொன்னார். "தணிக்கையே முடிஞ்சு போச்சு சார். கட்டுன நீங்களே கட்டலன்னு சொன்னா, நாங்க யாரப் போயி கேக்குறது?" இல்லாத பாலத்துக்கு மேலே இன்னொரு பாலம் கட்ட எந்தச் சட்டத்திலும் இடமில்லை. தன் ஆயுசுக்குள் அது வராது என்பது அவருக்குத் தெரிந்துவிட்டது. அரசாங்கத்திடம் பன்னிரண்டு தடவை சொன்ன மனிதருக்குச் செவந்தியிடம் ஒரு தடவை சொல்ல வாய் வரவில்லை. அவர் செய்த பாவத்தில் எது பெரியது என்று கேட்டால் நான் இதைத்தான் சொல்வேன்.

போன திங்கட்கிழமை செவந்தியே வந்துவிட்டாள். கையில் செல்போன். "உக்காரும்மா" என்று பெஞ்சில் இடம் விட்டார்.

"நானும் ஆன்லைன்ல மனு போட்டேன் சார். என்ன பதில் வந்திருக்கு பாருங்க. பாலம் கட்டியாச்சாம்! ஒங்க கையெழுத்து வேற இருக்காம். எந்தப் பயலோ ஒங்க கையெழுத்தக் கள்ளத்தனமாப் போட்டுப் பணத்தத் தின்னுருக்கான். அத அப்படியே எழுதுங்க சார், ஒருத்தனையும் விடக்கூடாது."

பேனாவைத் திறந்தார். அனுப்புநர், பெறுநர் எழுதினார். 'ஐயா' என்று போட்டார். அதற்கு மேல் பேனா நகரவில்லை. நிப்பைத் துடைத்து மூடிவிட்டு, பைக்குள்ளிருந்து பன்னிரண்டாவது மனுவின் நகலை எடுத்து அவளிடம் நீட்டினார்.

"இதப் படிம்மா."

"நீங்களே வாசிங்க சார், நான் கேட்டுக்கிறேன்."

"இல்லம்மா. நீதான் படிக்கணும்."

செவந்தி வரிக்குக் கீழே விரலை வைத்து மெதுவாகப் படித்துக்கொண்டு வந்தாள். பாதிப் பக்கத்தில் விரல் நின்றது. மறுபடி மேலே போய், அதே வரிக்கு வந்து, மறுபடியும் நின்றது.

சந்தனராஜ் பெஞ்சை விட்டு எழுந்தார். தோளில் கிடந்த துண்டை எடுத்துக் கையில் பிடித்துக்கொண்டு, உட்கார்ந்திருந்தவளுக்கு எதிரே போய் நின்றார்.