வர்டோயோ கூட்டிய இரண்டு படி

புர்வொகெர்தோ ஊரில் பெரிய ஆஸ்பத்திரிப் பக்கம் போய் "எக்ஸ்ரே வர்டோயோ" என்று கேட்டால் பார்க்கிங் ஆள்கூட வழிகாட்டுவான். குறைமாதத்தில் பிறந்து கண்ணாடிப் பெட்டிக்குள் கிடக்கிற பச்சைக் குழந்தைகளுக்கு இருபத்தாறு வருடமாகப் படம் எடுக்கிறவர். அப்பேர்ப்பட்ட மனிதரை ஒரு பிளாஸ்டிக் பொம்மை குழப்பிவிட்டது, போங்கள்!

பழைய ஃபிலிம் காலத்தில் கதிர் கூடினால் படம் கறுத்து மானத்தை வாங்கிவிடும். கம்ப்யூட்டர் வந்தபின் அந்தப் பயம் இல்லை. எவ்வளவு கொட்டினாலும் அதுவே சரிபண்ணிப் பளிச்சென்று காட்டும். குறைந்தால்தான் மணல் தூவினது மாதிரி புள்ளி விழும், டாக்டர்கள் சத்தம் போடுவார்கள். பளிச்சென்று இருந்ததற்காக எந்த டாக்டர் ஐயா திட்டினார்? அதனால் வர்டோயோவும் அளவைச் சற்றுக் கூட்டியே வைத்துப் பழகிவிட்டார்.

போன திங்கட்கிழமை கதிர் அளவைச் சோதிக்க நிங்ரும் என்ற பெண் வந்தாள். குழந்தை மாதிரி ஒரு பொம்மையைப் படுக்கவைத்து, வர்டோயோவின் அளவில் ஒன்று, அதில் பாதியில் ஒன்று என இரண்டு படம் எடுத்தாள். எது எதென்று சொல்லாமல் காட்டினாள்.

"பாக், எது நல்லாருக்கு?" அங்கே பெரியவர்களை மரியாதையாக "பாக்" என்றுதான் கூப்பிடுவார்கள்.

"இதும்மா. இதுல சந்தேகமே இல்ல."

"அது பாதி அளவுல எடுத்தது, பாக்."

வர்டோயோவுக்குச் சட்டென்று தன் மகள் ஞாபகம் வந்தது. ஒன்பது வருடத்துக்கு முன் அவருடைய மகள் கிரானா ஏழாம் மாதத்திலேயே பிறந்து, இதே ஆஸ்பத்திரியில் கண்ணாடிப் பெட்டிக்குள் கிடந்தாள். பதினொரு படம். எல்லாம் அவரே எடுத்தார். ஒரு தடவைகூடத் தப்பாக வரக்கூடாதென்று, வழக்கமான அளவுக்கும் மேலே மெஷினில் இரண்டு படி கூட்டி வைத்தார். பாசத்தில் செய்ததுதான்.

"கதிர் அதிகமா வாங்கின குழந்தைக்கு... பின்னாடி ஏதாவது வருமா?"

"வர வாய்ப்பு ரொம்ப ரொம்பக் கம்மி பாக். ஆனா வரவே வராதுன்னு யாரும் எழுதிக் குடுக்க முடியாது."

இது ஆறுதலா, இல்லையா? வீட்டில் மனைவி சுடச்சுடப் பொரித்த மெண்டோவான் பஜ்ஜி தட்டிலேயே ஆறிப்போனது. கிரானா பாட்மிண்டனில் ஜெயித்த கதையைச் சொல்லிக் குதித்துக்கொண்டிருந்தாள். பெற்றவளிடம் சொல்வதா, வேண்டாமா? சொன்னால் என்னவென்று சொல்வது? கடைசியில் விளக்கை அணைத்துவிட்டுப் படுத்துவிட்டார்.

மறுநாள் காலையில் ஒரு குழந்தைக்கு மூச்சுக்குழாய் சரியாக இருக்கிறதா என்று பார்க்கவேண்டும். பாதி அளவில் வைத்தார்.

டாக்டர் அர்யந்தி திரையைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார். "கொஞ்சம் புள்ளி தெரியுதே. அளவக் கூட்டி இன்னொண்ணு எடுத்துடுங்களேன்?"

"குழாய் முனை தெரியுதா டாக்டர்?"

"தெரியுது."

"நுரையீரல்?"

"அதுவும் தெரியுது."

"அப்புறம் எதுக்கு இன்னொண்ணு? இந்தக் குழந்தைக்குக் கம்மியே போதும்."

அர்யந்தி தோளைக் குலுக்கிவிட்டுப் போய்விட்டார். கதவருகே நின்ற குழந்தையின் அப்பா போகவில்லை. தர்சோனோ, பாக்ஸோ என்கிற இறைச்சி உருண்டை சூப் விற்கிற வண்டிக்காரர். எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறார்.

"ஏன் பாக், அரசாங்கக் காப்பீட்டு அட்டைன்னாதான் கம்மியா? நாங்கன்னா இளப்பமா?"

"ஐயையோ, அப்படியில்லப்பா! கம்மியா வச்சாத்தான் புள்ளைக்கு நல்லது."

"சும்மா கதை விடாதீங்க. உங்க புள்ளையா இருந்தா இப்படிக் கம்மியா வப்பீங்களா?"

வர்டோயோ பொய் சொல்லத் தெரியாத மனிதர். மனைவியிடம் சொல்ல முடியாதது முன்பின் தெரியாத ஆளிடம் வாயைவிட்டு வந்துவிட்டது. "இல்லப்பா. என் பொண்ணுக்கு நான் ரெண்டு படி கூட்டித்தான் வச்சேன்."

தர்சோனோவின் கண் கலங்கிவிட்டது.

"பாத்தீங்களா? உங்க பொண்ணுன்னா நிறைய, எங்க புள்ளைன்னா கம்மி!"